கல்பாலத்தில் விசில் ஊதிய கண்டக்டர்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் செய்தான். காபி குடித்துவிட்டு ஈஸி சேரில் சாய்ந்தவர்தானாம்... எண்பதைத் தாண்டியவர்.

அழுதேன், மறைப்பானேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. அவரை நினைத்தால் சிரிக்காமல் இருக்க முடியாது, என்ன செய்ய.

யார் இவர் என்று கேட்பவர்களுக்கு... எங்கள் ஊருக்கு முதன்முதலாக வந்த பஸ்ஸின் கண்டக்டர். சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டி, வேகவதி ஆற்றின் பழைய கல்பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்.

காலையில் எங்கள் தெருவில் நெசவுக்காரர்கள் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருப்பார்கள். அதை எடுக்கும் வரை பஸ் நகராது.

ஆபீஸுக்கு லேட் ஆகிறது என்று கல்யாணம் நிச்சயமான ஒரு மாப்பிள்ளை ஒருநாள் குதித்தார். "பாவ அறுத்துக்கினு போனா, உன் கல்யாணத்துக்குப் பொண்ணு எத்த கட்டிக்கினு வரும்? உக்காருபா" என்றார் அண்ணன். மாப்பிள்ளை டக்கென்று உட்கார்ந்துவிட்டார்.

சரி, சொல்ல வந்தது பாலத்து விஷயம். எழுபதுகளின் தொடக்கம்.

பிரம்மாவின் யாகத்தைக் கெடுக்க சரஸ்வதி வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள், பெருமாள் குறுக்கே படுத்துத் தடுத்தார் என்ற கதை காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ராவாக ஒரு சீன் தெரியும்.

கோபம் தீராமலே வந்து எங்கள் பாலத்துக்கடியில் படுத்துத் தூங்கிவிட்டாளாம். சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள். எழுந்தால் ஊர் மிஞ்சாது.

அதனால் பாலத்தின்மேல் மூச்! வண்டி மாட்டு மணிக்குள் வைக்கோல் அடைப்பார்கள். கல்யாண மேளம் நின்றுவிடும்.

சாவு ஊர்வலத்தில் அழுதுகொண்டு வருகிறவர்கள்கூட பாலத்தில் வாயை மூடிக்கொண்டு, அக்கரை போனதும் விட்ட வரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். சத்தியமாக, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாலத்தின்மேல் பஸ் எப்படி வரும்? இன்ஜினியர் வந்து பார்த்து, கல் தாங்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கோ உயிர் போகிற விஷயம். எட்டாவது முடித்திருந்தேன். எங்கள் ஊரில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. ஹைஸ்கூலுக்கு நாலு மைல். வயசுப் பெண்ணை நடத்தி அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார் அப்பா.

"பஸ்ஸு தெருவுக்கு வந்து நின்னா அனுப்பறேன்" என்றார். வராது என்கிற தைரியம்!

அப்போதுதான் ஏகாம்பரம் அண்ணன் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு வந்து ஒரு ஐடியா சொன்னார். பாலத்துக்கு இறங்கும் ரோடு நல்ல சரிவு. மேட்டிலேயே இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு பஸ்ஸை உருட்டிவிட்டால்? சத்தமே வராதே!

தலைவர் யோசித்தார். ஒரே ஒரு டிரயல். சத்தம் வந்தால் பஸ் திரும்பிப் போய்விட வேண்டும், அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம். ஊரே கரையில். கடகட என்று ஆடுகிற பஸ் ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் கழிவு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

பஸ் இறங்கியது. பூனை மாதிரி வந்தது... பாதிப் பாலத்தில் நின்றுவிட்டது.

இன்ஜினைப் போட முடியாது. தலைவர் கையைக் காட்ட, இருபது பேர் ஓடிப்போய்த் தள்ளினார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். ஐலசா கிடையாது, ஒரு முனகல்கூடக் கிடையாது. முகமெல்லாம் சிவந்து, ஊமைப்படம் மாதிரி.

பஸ் அசைந்தது. பின்படியில் நின்றிருந்த நம் அண்ணன், பஸ் கிளம்பினால் கண்டக்டர் என்ன செய்வாரோ அதைச் செய்தார்.

விசில் ஊதினார். நீளமாக ரெண்டு.

தள்ளிய கைகள் எல்லாம் பஸ்ஸை விட்டுவிட்டன. என் படிப்பு அவ்வளவுதான் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணனுக்குப் பழக்கதோஷம் சார், பழக்கதோஷம்!

எல்லோரும் பாலத்துக்கடியில் எட்டிப் பார்த்தார்கள். குட்டைத் தண்ணீரில் கிடந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

பஸ்ஸைத் திருப்பச் சொன்னார் தலைவர்.

அண்ணன் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. "தலைவரே, கீழ தூங்கறது யாரு? சரஸ்வதி. படிப்பு குடுக்கற சாமி. பொண்ணுங்க பள்ளிக்கூடம் போற பஸ்ஸ மறிக்கவா எழுந்து வருவா?"

தலைவர் ஆற்றைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

முதலில் பஸ்மேல் கையை வைத்தது என் அப்பா. அடித்தொண்டையில், அக்கரைக்கே கேட்கிற மாதிரி, "தள்ளுங்கபா" என்றார்.

என் அப்பா!

அவ்வளவுதான். ஐலசா என்ன, கூச்சல் என்ன... டிரைவர் பாலத்திலேயே இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஹாரனை அமுக்கினார் பாருங்கள், ஊருக்குள் வந்து நிற்கும் வரை கையை எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம்!

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. என் புத்தகப் பையை அப்பாவே பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். ஏகாம்பரம் அண்ணனிடம் பையைக் கொடுத்துவிட்டு, "பத்திரமா கூட்டிக்கினு போப்பா" என்றார்.

பத்திரமாகத்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள் அண்ணே.

போய் வாருங்கள்.