‘ங்க’ போடாத பிள்ளை

பத்ருன்னிசாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரு பேர் உண்டு. நீளம்தான். நீளாமல் என்ன செய்யும்? நான் அங்கே கணக்கு நடத்தினேன். வருங்கால டீச்சர்களுக்கு, பிள்ளைகளை எப்படி வாசிக்க வைப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூர்ப் பள்ளிகளில் எங்கே பார்த்தாலும் பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்த தெற்கத்திக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர மனசில்லாதவள் டீச்சராகவே வேண்டாம் என்பது பத்ருன்னிசாவின் கட்சி.

பயிற்சி மாணவி பழனாத்தாள் பக்கத்துச் சேவூர்க்காரி, கொங்குப் பேச்சு. தங்கமான பெண். காக்காயைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதைப் பார்க்க நாங்கள் இருவரும் போனோம். எல்லாப் பிள்ளைகள் கையிலும் வாசிப்பு அட்டை இருந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்த தெற்கத்திப் பிள்ளை முத்துப்பேச்சி மட்டும் வெறுங்கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இவளுக்கு எங்கேம்மா அட்டை?” என்றார் பத்ருன்னிசா.

“அவளுக்கு மரியாதையே தெரியலீங்க மேடம். எதைக் கேட்டாலும் ‘ஆமா’, ‘தெரியும்’னு வெடுக்குனு பேசறாளுங்க. மொதல்ல பணிவு வரட்டும், அப்பறம் குடுக்கலாம்னு இருக்கறனுங்க. படிப்பும் ஏறலீங்க. அவங்கம்மாகிட்டயும் சொல்லிட்டனுங்க.”

அதைக் கேட்டுத்தான், தாய் ஒச்சம்மாள் திங்கட்கிழமையிலிருந்து பிள்ளையைக் கம்பெனிக்கு அழைத்துப்போக இருந்தாள். தைக்கிறவர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக்கொடுக்கும் கைமடி வேலை. பால் பல் முழுசாக விழாத பிள்ளைக்கு!

“அவங்க ஊருப் பேச்சுல உன்னோட ‘ங்க’ இல்லம்மா. ‘டீச்சர்’னு கூப்புடறாளே, அதுதான் அவளோட மரியாதை. அட்டையே குடுக்காம படிப்பு ஏறலைன்னா எங்கிருந்து ஏறும்? தப்பு உன்னுது. அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு” என்றார் பத்ருன்னிசா.

பழனாத்தாள் அழுதாள். அழட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

சாயங்காலமே போய்ச் சொன்னாளாம். “புள்ளைக்கிப் படிப்பு வருமுங்க. ‘ங்க’ போட்டுப் பேசலைன்னு நாந்தான் சொல்லிக் குடுக்கலீங்க.” ஒச்சம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, “அம்புட்டுத்தானா டீச்சர்? நான் பாத்துக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கே அனுப்புறேன்” என்றாளாம்.

திங்கட்கிழமை போனோம். முத்துப்பேச்சி முதல் வரிசையில் இருந்தாள். கெண்டைக்காலில் வரிவரியாக விளக்குமாற்றுத் தடம்.

“யாரு கண்ணு அடிச்சது?” என்று கேட்டார் பத்ருன்னிசா.

“அம்மாங்க அடிச்சுச்சுங்க. ‘ங்க’ சொல்லச் சொல்லி அடிச்சுச்சுங்க.”

பழனாத்தாள் சுவரைப் பார்த்து நின்றாள். பத்ருன்னிசா ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பிள்ளை அட்டையையும் பழனாத்தாளையும் மாறி மாறிப் பார்த்தது.

“வாங்கிக்கலாமுங்களா?” என்றது.