ராஜி என்று நம்பிப் போட்ட கையெழுத்து

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். எங்கள் ஆபீஸ் கிளார்க் தமிழ், மலையாளம் இரண்டும் அறிந்தவர், தென்காசிக்காரர். அவர் மேல் எனக்கு அப்படியொரு மயக்கம். அவரைப் போலவே நடு வகிடு எடுத்துத் தலை வாரினேன், அவரைப் போலவே இருமினேன்.

போன மாதம் மேற்பார்வையாளரோடு எனக்கு வாய்த்தகராறு. மறுநாள் கிளார்க் மலையாளத்தில் எழுதிய தாள் ஒன்றை நீட்டினார்.

"ராஜிதாம்ல. கையெழுத்துப் போட்டு மேனேஜர் துரைட்ட குடு."

சமாதானம் செய்து வைக்கிறாரே என்று கண் கலங்கக் கையெழுத்துப் போட்டேன். போகிற வழியில், என்னோடு இலை சலிக்கும் பேச்சியக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அவளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும்.

"ஏலே கோட்டிக்காரா! மலையாளத்துல ராஜின்னா வேலைய விடுறது. கம்பெனி குடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாவ!"

திரும்பிப் போய்த் தாளைக் கிழித்துக் கிளார்க் மேஜையில் வீசினேன்.

"நீதானல கையெழுத்துப் போட்ட?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரைப் போல வாரிய தலையை அன்றே மொட்டையடித்துவிட்டேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் பேச்சியக்கா எனக்கு மலையாளம் சொல்லித் தருகிறாள். முடி வளர்வதற்குள் வாசித்துவிடுவேன்.