மூன்றாவது சிலிண்டர்

எனக்கு அப்போது வயிற்றெரிச்சல்தான். இத்தனை வருஷம் கழித்து அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எங்கள் ஊர் சபேட்டோவில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டும் கையுமாகத் திரிந்தோம். என் மனு திரும்பி வந்தது. என் சகலைக்கு மட்டும், ஆக்லாந்தில் ஓர் அக்கா இருந்த ஒரே காரணத்தால், விசா கிடைத்துவிட்டது. அவர் கரும்பு போடுகிறவர், நான் மெக்கானிக். ஆக்லாந்தில் கரும்பு எங்கே இருக்கிறது?

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி உதறியது.

“சகலை, நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு நானே இதை ஓட்டிக்கிட்டுப் போவணும். அது ஒண்ணுதான் ஆசை. அப்புறம் இது உனக்குத்தான்.”

அவர் வேண்டாமென்று விட்டுப்போவது எனக்கு! சுள்ளென்று ஏறியது.

பிளக்குகளைக் கழற்றி, கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றழுத்தம், பார்த்தேன். மூன்றாவதில் மட்டும் மற்றவற்றில் பாதிகூட இல்லை. கோளாறு பிஸ்டன் ரிங்கிலா வால்விலா என்று தெரிய, உள்ளே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். கேஜ் முள் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எண்ணெய் அளவு மீறினால் அதுவே இடத்தை அடைத்துக்கொண்டு முள்ளைப் பொய்யாக ஏற்றிவிடும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேன் சாய்ந்தபடியே இருந்தது. நான் நிமிர்த்தவில்லை.

முள் ஏறியது.

“ரிங் போயிருச்சு. இன்ஜினைப் பிரிக்கணும். நாளைக்கு ஆவாது,” என்றேன்.

“நீ சொன்னா சரிதான், சகலை.” ஸ்டீயரிங்கை ஒரு தரம் தடவிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பெட்டிகளோடு பக்கத்து வீட்டுக்காரர் சாமான் ஏற்றும் கேரியர் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார்கள். என் மனைவியும் தன் அக்காவை, சகலையின் மனைவியை, வழியனுப்பப் போனாள். நான் காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிட்டேன். வண்டிச் சத்தம் அடங்கியதும் காரின் வால்வு மூடியைத் திறந்தேன். மூன்றாவதின் எக்ஸாஸ்ட் வால்வுக்கு இடைவெளியே இல்லை. அது முழுக்க மூடாமல் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், அரைமணி நேர வேலை. ஸ்டார்ட் செய்ததும் நேற்று ஊற்றிய எண்ணெய் குப்பென்று புகைந்து அடங்கியது. பிறகு இன்ஜின் உதறாமல் ஓடியது.

அப்போதே கிளம்பியிருந்தால் ஏர்போர்ட்டில் அவரைப் பிடித்திருக்கலாம். போய் என்ன சொல்வது? இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தே இருந்தேன்.

கேரியர் திரும்பி வந்தது. மனைவி இறங்கி, காரருகே நின்று கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள்.

“உங்களை யாரும் குறை சொல்லக் கூடாதுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு. இன்ஜின் போனா என் சகலை என்னா செய்வான்னாரு.”

கையை உள்ளே நீட்டி, சாவியைத் திருகி, இன்ஜினை நிறுத்தினாள்.