காயாத தரை

இன்றைக்கு ஆவடி பக்கத்தில் எனக்கு மூன்று செங்கல் சூளை இருக்கிறது. இரண்டாம் வகுப்போடு நின்றவன், யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். ஆனால் கரப்பான் பூச்சியிடம் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் இடுப்பு நோகிறது.

அது யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே செங்கல் சுமந்தேன். திருமுல்லைவாயிலில் வயலை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில், ஒரு கொத்தனாரையும் கிட்டே விடாமல், என் கையாலேயே மண்சுவர் வைத்து ஓர் அறை வீடு கட்டியிருந்தேன். தலைப்பிள்ளை பிறந்து, என் மனைவி நெமிலிச்சேரித் தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு வந்தாள். வந்த எட்டாம் நாள் காலையில் பார்த்தால் குழந்தையின் கீழுதட்டில் புண். பால் ஒட்டிக் காய்ந்திருந்த இடத்தைக் கரப்பான் கடித்திருந்தது. அவள் அழவில்லை. துணிமணியை மூட்டை கட்டினாள்.

“பூச்சி போச்சின்னா வந்து கூப்புடு. அது வரிக்கும் எம்புள்ள இந்த ஊட்டுல படுக்காது.”

வீடு சுத்தமில்லை, அதனால்தான் பூச்சி என்று முடிவு கட்டினேன். எங்கள் பக்கத்தில் சுத்தம் என்றால் சாணம் மெழுகுவதுதான். பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் மெழுகுவார்கள். நான் காலையிலும் மாலையிலும் மெழுகினேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

“இன்னா அண்ணாத்தே, கை நல்லா பழகிப்போச்சே. அப்டியே எங்க ஊட்டுக்கும் வந்து மெழுவிட்டுப் போயேன்.”

மழைக் காலம். பகல் முழுக்கச் செங்கல், வீட்டுக்கு வந்தால் சாணி வாளி. ஆனாலும் பாயைத் தூக்கினால் அடியில் பத்து ஓடும், பானையை நகர்த்தினால் இருபது. வேப்பிலைப் புகை போட்டேன். புகை அடங்கும் வரை கூரையில் இருந்துவிட்டு எல்லாம் திரும்ப இறங்கின.

மனைவியின் அண்ணன் ஒருநாள் பார்க்க வந்தார். ஏர் பிடிக்கிறவர். உட்கார்ந்து தரையில் விரலை அழுத்தினார். விரல் பதிந்தது.

“இன்னா மச்சான், நாத்து நடப் போறியா? இப்டி ஈரமா வச்சிகினு இருந்தா அதுங்க ஏன் போவுது? மெழுவறத நிறுத்து. தரை காயட்டும்.”

“கட்டினவன் நானு. எனக்கே சொல்லித்தர வந்துட்டியா?” என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அதன் பிறகும் வீம்புக்கு மெழுகினேன். கடைசியில் காய்ச்சல் வந்து படுத்தேன். வாளியைத் தூக்கத் தெம்பில்லை. ஆறு நாள் மெழுகாமல் கிடந்தது. மழையும் விட்டிருந்தது. எழுந்து பாயை உதறினேன், இரண்டுதான் ஓடின. தரை வெளுத்து வெடித்திருந்தது. அப்புறம் சட்டியில் உமித் தணல் போட்டு மூலைக்கு மூலை வைத்து ஈரத்தை உலர்த்தினேன். வெடிப்பில் சுண்ணாம்பு அடைத்தேன். பானைகளை மணை மேல் ஏற்றினேன். பதினைந்து நாளில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நெமிலிச்சேரிக்குப் போனேன். அண்ணன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி குழந்தையோடு வாசலில் நின்றாள்.

“பூச்சி போச்சி. மெழுவறத நிறுத்தினேன், போயிடுச்சி.”

“யாரு சொல்லி நிறுத்தின?”

“நானேதான் கண்டுபுடிச்சேன்.”

“அப்டின்னா நீ போ. இன்னொரு பூச்சி வந்தாலும் நீயே கண்டுபுடிச்சிகினு கெடப்ப. எம்புள்ளயத்தான் அது கடிக்கும்.”

கால் கடுத்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தேன். வெறுங்கையோடு திரும்பி நடக்க என்னால் ஆகாது.

“உங்க அண்ணன்தான் சொன்னாரு. நான்தான் கேக்கல” என்றேன்.

அவர் தவிட்டுக் கையை உதறிவிட்டு, “மொதல்ல சோறு துன்னு மச்சான்” என்றார். அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மூட்டை கட்ட உள்ளே போனாள்.