மாமனார் சாவில் முதல் அடி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். இந்த ஒரு விஷயத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005, பங்குனி மாதம். அப்போது பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலை பார்த்தேன். மரக்காணம் உப்பளத்தில் வாழ்நாளெல்லாம் உப்பு வாரிய என் மாமனார் இறந்துவிட்டதாகக் காலையில் போன் வந்தது. எண்பது வயது, பேரன் பேத்தி எடுத்தவர். கல்யாணச் சாவு.

விடுதியில் சூடான் நாட்டு மாணவன் ஒருவன் இருந்தான். டிங்கா என்கிற இனத்தவன். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான், அவ்வளவு உயரம். மெஸ்ஸில் எங்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவன். "நானும் வரேண்ணே. சாவுக்கு ஆள் வரணும்" என்று என்னோடு பஸ் ஏறிவிட்டான்.

மேளச் சத்தத்தைக் கேட்டதும் என் காதருகே குனிந்தான். "அண்ணே, கல்யாண வீட்டுக்கு வந்துட்டமா?"

எனக்கு வேறு கவலை. கல்யாணச் சாவென்றால் பாடைக்கு முன்னால் மருமகன்தான் முதல் அடி வைத்து ஆட வேண்டும். அதுவரை வேறு யாரும் இறங்க மாட்டார்கள். அந்த வீட்டுக்கு நான் ஒரே மருமகன். என் கல்யாணத்திலேயே தலை நிமிராதவன்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, ஊர்ல எல்லார் சாவுலயும் ஆடுன மனுசன். அவர சும்மா தூக்கினு போயிடாதீங்க."

பெண்கள் தெருமுனை வரைதான் வருவார்கள். அங்கேயே உப்பளம் தொடங்கிவிடும். அதற்குள் ஆடினால்தான் மாமியார் பார்க்க முடியும். பாடை கிளம்பியது. நானோ அதன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். என் மனைவியின் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் விடவில்லை.

"இன்னா மாமா, காலுல ஆணி அடிச்சிருக்குதா?"

"சாம்பாருக்கு உப்பு போடத்தாண்டா அவருக்குத் தெரியும்!"

மாணவன் என்னவென்று கேட்டான். சொன்னேன்.

"எங்க ஊர்லயும் பெரியவர் செத்தா மாடு வெட்டுவோம், பாடுவோம்" என்றான். "மொத அடி உங்களுது. ரெண்டாவது நான்."

தெருமுனை வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டேன். அது ஆட்டமா, தடுக்கலா என்று எனக்கே தெரியாது. அவனுக்கு அதுவே போதும். அவன் ஊர் ஆட்டம் போல, இரண்டு கையையும் மாட்டுக் கொம்பு மாதிரி உயர்த்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே எகிறிக் குதித்தான்.

"டேய், பாருடா, கொம்பு மாடு!"

தெருவே இறங்கிவிட்டது. நானும் குதித்தேன். மூன்றாவது குதியில் தெருவோர உப்பள வரப்பு சரிந்து, முட்டி மடங்கி, உப்புப் பாத்திக்குள் விழுந்தேன். மேளம் நிற்கவில்லை. எழுந்து திரும்பிப் பார்த்தேன். மாமியார் அழுதுகொண்டே சிரித்தார்.

"அவரும் ஆடுனா இதே மாதிரிதான் வுழுவாரு!"

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்தோம். என் முட்டி வீங்கியிருந்தது. மாணவன் முதல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்விட்டான்.