போன் பண்ண வேண்டாம், எழுதுங்கள்

போன சனிக்கிழமை மெர்போக் ஊரில் ஓர் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளோடு மாட்டிக்கொண்டேன். முன்னால் ஒரு சந்து. சந்து நிறையக் கார்கள். சைரன் அலறுகிறது... ஒரு கார்கூட நகரவில்லை.

சந்தின் கடைசி வீடு ஸ்டெல்லா அக்காவுடையது. ரவிக்கை தைப்பவர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அன்று காலை பசியாறிக்கொண்டிருந்த அவர் கணவர் அந்தோணி அண்ணன் நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். வீட்டில் வேறு யாருமில்லை.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? போனில் கத்துவோம். முதலில் தம்பியிடம், பிறகு மச்சானிடம், கடைசியாக ஆம்புலன்ஸுக்கு.

அக்காவால் கத்த முடியாது. அதனால் ஒழுங்காகச் செய்தார்! பேச முடியாதவர்கள் அவசர உதவிக்கு எழுத்திலேயே செய்தி அனுப்பலாம் அல்லவா? அதற்குத் தன் பெயரை முகவரியோடு முன்பே பதிந்து வைத்திருந்தார். அன்று மலாய் மொழியில் அனுப்பியதைப் பிறகு எனக்குக் காட்டினார். ‘கணவருக்கு நெஞ்சு வலி. மூச்சு இருக்கிறது. எனக்குக் காது கேட்காது. போன் பண்ண வேண்டாம், எழுதுங்கள்.’

உடனே பதில் வந்திருக்கிறது. ‘வண்டி கிளம்பிவிட்டது. கதவைத் திறந்து வையுங்கள்.’

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போட்டார். ‘இவருக்கு முடியல. ஜெபம் பண்ணுங்க.’

நம் ஆட்களைத் தெரியாதா? கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பின்னாலேயே ஆட்களும் வந்துவிட்டார்கள், பிஸ்கட் டின்னும் மைலோ பாக்கெட்டுமாக. ஒருவருக்கு முடியவில்லை என்றால் நேரில் போய் நிற்க வேண்டும் – தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து நாம் கூடவே கொண்டுவந்த பழக்கம் அது. அப்போது நடந்து போனோம். இப்போது காரில் போகிறோம்.

அந்தக் குழுவில் இருக்கும் என் மனைவிதான் என்னையும் விரட்டினாள். போனால் இந்தக் காட்சி.

மருத்துவ உதவியாளர் ஒருவர் பையோடு உள்ளே ஓடினார். ஸ்ட்ரெச்சர் போக வழியில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் கூட்டம் கண்ணை மூடி நிற்கிறது. குழுத் தலைவர் சேவியர் அண்ணன் உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தார். சைரன் கேட்கவில்லையா? நன்றாகவே கேட்டது. கேட்கக் கேட்க ஜெபத்தின் சத்தமும் ஏறியது.

“அண்ணே, கெரெத்தா எடுங்க! கார் நிக்குது, ஆம்புலன்ஸ் வர முடியல!”

கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினார். “இருங்க தம்பி. ஆமென் சொல்லிட்டு வரேன்லா.”

உள்ளே அந்தோணி அண்ணனின் முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

அதற்குள் அக்காவும் ‘கார் எடுங்க’ என்று குழுவில் எழுதிவிட்டிருந்தார். யார் பார்ப்பது? ஜெப நேரத்தில் போனைச் சத்தமில்லாமல் வைப்பதுதான் மரியாதை. அத்தனை போனும் மரியாதையாகச் சட்டைப் பையில் கிடந்தன.

அக்கா கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். நேராகப் போய் சேவியர் அண்ணனின் கார் கதவைத் திறந்தார். ஹாரனில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினார். அழுத்தியது அழுத்தியபடியே நின்றார்.

அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காது. எப்போது நிறுத்த வேண்டும் என்று எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. ஆமென் இல்லாமலே கார்கள் ஒதுங்கின.

அந்தோணி அண்ணன் பிழைத்துவிட்டார். இப்போது உப்பில்லாத குழம்புக்காக வீட்டில் சண்டை போடுகிறாராம்.

ஜெபம் கேட்கப்பட்டது என்று சேவியர் அண்ணன் குழுவில் நீளமாக எழுதியிருந்தார். அதன் கீழே மறுபடியும் கூப்பிய கைகள். அவற்றுக்கெல்லாம் கீழே அக்காவின் பதில் இருந்தது.

‘எல்லாருக்கும் நன்றி. அடுத்த தடவை அவங்கவங்க வீட்ல இருந்தே ஜெபம் பண்ணுங்க. ஆண்டவருக்கு நல்லா காது கேக்கும்.’