பிள்ளையாருக்கும் வேலை போச்சு

வேலை போனதிலிருந்து வீட்டில் உட்கார முடியவில்லை. மின்னஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கிறேன். வெள்ளிக்கிழமையைச் சாக்காக வைத்து இன்று சிராங்கூன் ரோட்டுக்குப் பூ வாங்கக் கிளம்பினேன்.

என்னைப் பார்த்ததுமே பூக்கடை அக்கா வழக்கம்போல மல்லிகையை இரண்டு பொட்டலமாகக் கட்டத் தொடங்கினார். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று என் ஆபீஸ் மேசையில் இருந்த குட்டிப் பிள்ளையாருக்கு.

"ஒண்ணு போதும்கா."

"ஏன்மா, ஆபீஸ்ல சாமி வைக்கக் கூடாதுன்னுட்டாங்களா?"

"சாமியையும் அனுப்பிட்டாங்க, என்னையும் அனுப்பிட்டாங்க."

நெருங்கிய தோழிகளிடம்கூடச் சொல்லாததை அங்கே போட்டு உடைத்துவிட்டேன். உச்சுக்கொட்டப் போகிறார் என்று பயந்து, கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நின்றேன். அப்படியே மின்னஞ்சலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அக்கா கையை நிறுத்தவே இல்லை. இரண்டாவது பொட்டலத்தையும் கட்டிப் பையில் போட்டார்.

"வேலை இல்லைன்னா சாமிக்குப் பூ வேணாமா? அவரையும் கூட வச்சுக்கிட்டுத் தேடு லா."

இப்போது பிள்ளையார் சாப்பாட்டு மேசையில், லேப்டாப்புக்குப் பக்கத்தில், பூவோடு உட்கார்ந்திருக்கிறார். நான்தான் இன்னும் எழுந்து எழுந்து நடக்கிறேன்.

உங்கள் கம்பெனியில் ஆள் எடுத்தால் சொல்லுங்கள். இரண்டு பேர் இருக்கிறோம். எனக்குக் கணக்கு வேலையில் அனுபவம். அவருக்குத் தடைகளை நீக்குவதில்.